கப்பல் அறையின் பால்கனியில் சுகமாக உட்கார முடியவில்லையா? குறையைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

சொகுசுக் கப்பலில் பால்கனி உள்ள அறை, வெறும் ஜன்னல் மட்டும் உள்ள அறையைவிட விலை அதிகம். அந்தக் கூடுதல் பணத்தைக் கடலைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்காருவதற்காகத்தான் கொடுக்கிறோம். ஆனால் முதல் நாள் ஆசையாக வெளியே போய் உட்காரும் பலர் கால் மணி நேரத்தில் எழுந்து உள்ளே வந்துவிடுகிறார்கள். சிலருக்கு முதுகு வலிக்கிறது, சிலருக்குக் காற்று தாங்கவில்லை, சிலருக்குக் கைப்பிடிக் கம்பி கடலை மறைக்கிறது. நாற்காலி சரியில்லை என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொன்னாலும் காரணங்கள் வேறு வேறு. உங்கள் குறை எது என்று பார்த்து அந்தப் பகுதிக்கு நேராகப் போங்கள். அதற்கு முன் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு.

முதலாவது, வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுபோகலாமா என்ற கேள்வி. வேண்டாம். 2006 மார்ச் 23 அன்று, கரீபியன் கடலில் ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஸ்டார் பிரின்சஸ் கப்பலின் ஒரு பால்கனியில் அதிகாலையில் தீப்பிடித்தது. அணைக்காமல் எறியப்பட்ட சிகரெட் துண்டு காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. பிளாஸ்டிக் நாற்காலிகள், பால்கனிகளுக்கு இடையிலிருந்த பாலிகார்பனேட் தடுப்புகள், தரையில் பதித்திருந்த பாலியூரிதேன் ஓடுகள் எல்லாம் எரிபொருளாகி, சில நிமிடங்களில் தீ மேல்தளங்களுக்கும் ஏறியது. ஒரு பயணி உயிரிழந்தார். அதன் பிறகு சர்வதேசக் கடல்சார் அமைப்பு விதிகளை மாற்றியது. 2008 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்த விதிகளின்படி, பால்கனியில் தீ எளிதில் பற்றாத மேசை நாற்காலிகளே இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் தீயை உணரும் கருவியும் தண்ணீர் தெளிக்கும் அமைப்பும் அங்கே பொருத்தப்பட்டிருக்க வேண்டும். பால்கனிகளில் அலுமினியச் சட்டமும் வலைத்துணியும் கொண்ட நாற்காலிகளையே பெரும்பாலும் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மெத்தென்ற சோபா போடாததைக் கஞ்சத்தனம் என்று நினைக்கத் தோன்றும். அதன் பின்னால் ஓர் உயிர் போன கதை இருக்கிறது. அறைக்குள் இருக்கும் திண்டையும் குட்டை இருக்கையையும் வெளியே இழுத்துப் போடக்கூடாது என்று ஊழியர்கள் சொல்வதும் இதனால்தான். அதைத் தயவுசெய்து மதியுங்கள்.

இரண்டாவது, எதைக் கேட்பதானாலும் கப்பல் ஏறிய அன்று பிற்பகலிலேயே உங்கள் அறை ஊழியரிடம் கேளுங்கள். சாய்வு நாற்காலி, கால் வைக்கும் முக்காலி போன்றவை ஒவ்வொரு தளத்துக்கும் சிலதான் உபரியாக இருக்கும். முதலில் கேட்டவருக்குக் கிடைக்கும். "நாற்காலி வசதியாக இல்லை" என்று பொதுவாகச் சொன்னால் அவரால் அதிகம் செய்ய முடியாது. "முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று கிடைக்குமா? இல்லையென்றால் கால் வைக்க ஏதாவது கிடைக்குமா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். ஒரு நாளில் பல அறைகளைச் சுத்தம் செய்யும் மனிதர் அவர். பெயரைச் சொல்லி, மரியாதையாகக் கேட்டால் முடிந்ததைச் செய்வார்.

உட்கார்ந்த சிறிது நேரத்தில் இடுப்பு வலிக்கிறது

முதலில் நாற்காலியின் கைப்பிடிகளுக்கு அடியில் தடவிப் பாருங்கள். உயரமான முதுகு கொண்ட நாற்காலிகள் சிலவற்றில், இரண்டு கைப்பிடிகளையும் ஒரே நேரத்தில் மேலே தூக்கினால் முதுகுப்பகுதி பின்னால் சாயும். இது தெரியாமல் பயணம் முழுக்க நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. ஒரு கையை மட்டும் தூக்கினால் அசையாது, உடைந்திருக்கிறது என்று விட்டுவிடுவார்கள்.

சாயாத நாற்காலி என்றால், வலைத்துணியை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். பழைய வலைத்துணி நடுவில் தொய்ந்திருக்கும். உட்காரும்போது இடுப்பு குழிக்குள் இறங்கி, முழங்கால் அதைவிட மேலே நிற்கும், கீழ்முதுகு வளைந்துவிடும். இதற்குக் குளியல் துண்டை நான்காக மடித்து, இருக்கையின் பின்பாதியில் மட்டும் போடுங்கள். முன்பாதிக்கும் சேர்த்துப் போட்டால் பயனில்லை, குழி அப்படியே மேலே வரும். இடுப்பு முழங்காலின் மட்டத்துக்கு வந்தால் போதும்.

அடுத்து, சிறிய துண்டு ஒன்றை இறுக்கமாகச் சுருட்டி, பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே, முதுகுக்கும் நாற்காலிக்கும் இடையே குறுக்காக வையுங்கள். தோளுக்குப் பின்னால் தலையணை வைப்பது பலரின் பழக்கம். அது கழுத்தை முன்னால் தள்ளி வலியைக் கூட்டும். காற்றடைக்கும் பயணத் தலையணை இருந்தால் அதையும் இந்த இடத்தில் வைக்கலாம்; முழுவதும் ஊதாமல் பாதி ஊதினால்தான் முதுகோடு படியும்.

தலையணை, போர்வை இவற்றைப் படுக்கையிலிருந்து எடுக்காமல், நீச்சல்குளத்துக்குத் தரும் துண்டுகளைப் பயன்படுத்துவது நல்லது. உப்புக்காற்றில் ஈரமான தலையணை இரவில் தூங்க உதவாது.

தொடை மரத்துப்போகிறது, பாதம் தொங்குகிறது

இது முதுகுப் பிரச்சினை போலத் தோன்றாவிட்டாலும் பாதிப் பேருக்கு முதுகு வலியே இங்கிருந்துதான் தொடங்குகிறது. இருக்கையின் முன்விளிம்பில் ஓர் உலோகக் குழாய் ஓடும். உயரம் குறைந்தவர்களின் பாதம் தரையில் முழுதாகப் பதியாதபோது, காலின் எடை முழுவதும் அந்தக் குழாயின் மேல் விழுந்து தொடையின் அடிப்பகுதியை அழுத்தும். நம் ஊர்ப் பெண்களில் பலருக்கு இந்தச் சிக்கல் வரும். இந்த நாற்காலிகள் அவர்களின் உயரத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல.

பாதத்துக்கு அடியில் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரம் கொடுத்தால் சரியாகிவிடும். முக்காலி கிடைக்காவிட்டால், துணிகளை அடைத்த சிறிய முதுகுப்பை போதும். காலை நன்றாக நீட்டி உட்கார விரும்புபவர்கள் இரண்டாவது நாற்காலியை எதிரெதிரே போட்டுக்கொள்ளலாம். ஆனால் எதிரே வைத்த நாற்காலி கம்பித்தடுப்பை ஒட்டி நிற்கக்கூடாது. குழந்தைகள் உள்ள அறையில் இந்த விஷயத்தில் சலுகையே கிடையாது. தடுப்பை ஒட்டிய நாற்காலி குழந்தைக்கு ஏணி. நீங்கள் எழுந்து உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கதவைத் தாழிட்டுப் போங்கள்.

கம்பித்தடுப்பில் ஊஞ்சல் துணி கட்டிப் படுக்கலாம் என்ற யோசனையையும் இங்கேயே கைவிட்டுவிடுங்கள். தடுப்பு அந்தச் சுமைக்கானது அல்ல, ஊழியர்கள் உடனே அவிழ்த்துவிடுவார்கள்.

உட்கார்ந்தால் கடல் தெரியவில்லை

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பது எளிது.

தடுப்பு கண்ணாடியா, எஃகா? கப்பலின் கீழ்த்தளங்களில் உள்ள பால்கனிகள் சிலவற்றில் முன்பக்கம் எஃகுச் சுவராக இருக்கும். அங்கே உட்கார்ந்தால் வானம்தான் தெரியும். நாற்காலியை நகர்த்திப் பயனில்லை. உயரமான நாற்காலி கேளுங்கள், அல்லது நின்று பாருங்கள்.

கீழே உயிர்காப்புப் படகு தொங்குகிறதா? அப்படியானால் கண்ணாடித் தடுப்பின் வழியாக ஆரஞ்சு நிறக் கூரைதான் தெரியும். நாற்காலியைத் தடுப்பிலிருந்து பின்னுக்கு இழுத்தால் படகு பார்வையிலிருந்து மறைந்து, தூரத்துக் கடல் மட்டும் நிற்கும்.

மூன்றாவதுதான் அதிகம் பேரை வதைப்பது, காரணம் புரியாமல் விட்டுவிடுவதும் இதைத்தான். தடுப்பு கண்ணாடிதான், படகும் இல்லை, ஆனாலும் அடிவானம் தெரியவில்லை. கைப்பிடிக் கம்பி சரியாக அதன் மேல் குறுக்கே கிடக்கிறது. அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றி இறக்கும் பெரிய கப்பல்களில் தடுப்பு குறைந்தது 42 அங்குலம், அதாவது சுமார் 107 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்தால் பெரும்பாலோரின் கண், தரையிலிருந்து 110 முதல் 125 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கொஞ்சம் சாய்ந்தாலோ, வலைத்துணி தொய்ந்திருந்தாலோ கண் கீழிறங்கிக் கம்பியின் மட்டத்துக்கே வந்துவிடும்.

இப்போது எல்லோரும் செய்வது, நாற்காலியை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பது. அது பலன் தராது. அடிவானம் எப்போதும் நம் கண்மட்டத்திலேயே தெரியும். கண் கம்பியின் மட்டத்தில் இருக்கும்வரை, ஓர் அடி தள்ளி உட்கார்ந்தாலும் ஐந்து அடி தள்ளி உட்கார்ந்தாலும் கம்பி அடிவானத்தை மறைத்தே தீரும். உயரத்தை மாற்றினால்தான் விடிவு. இருக்கையில் மடித்த துண்டுகளை அடுக்கி ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் ஏறுங்கள். கம்பிக்கு மேலே கடல் விரியும். சாய்ந்துதான் உட்காருவேன் என்றால் எதிர்த்திசையில் போங்கள். தாழ்வான சாய்வு நாற்காலியில் நன்றாக இறங்கிப் படுத்துவிட்டால் கம்பிக்குக் கீழே, கண்ணாடி வழியாக முழுக் கடலும் தெரியும். ஊழியர் அதிகாலையில் தளம் கழுவியபின்னும் கண்ணாடியில் உப்புப் படிந்திருந்தால், நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உட்பக்கத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

காற்று உட்கார விடவில்லை

கப்பல் 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்றே இல்லாத நாளிலும் அந்த அளவு காற்று முன்னிருந்து வீசும். எதிர்க்காற்று 15 நாட் இருந்தால் இரண்டும் சேர்ந்து மணிக்கு 65 கிலோமீட்டர். மாறாக, காற்றும் கப்பலும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் போனால் பால்கனியில் இலை அசையாது. ஆகவே காலையில் உட்கார முடியாத பால்கனி, கப்பல் திசை மாறிய பிறகு மாலையில் அமைதியாகிவிடலாம். ஒருமுறை முயன்று கைவிட்டுவிடாதீர்கள். அறையின் தொலைக்காட்சியில் கப்பலின் திசையும் காற்றின் வேகமும் காட்டும் அலைவரிசை பெரும்பாலும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வெளியே போகலாம்.

உடனடித் தீர்வு, நாற்காலியைத் திருப்புவது. எல்லோரும் கடலை நேராகப் பார்த்து உட்காருகிறோம். காற்று பக்கவாட்டில் காதை அறைகிறது. பக்கத்து அறைக்கும் நமக்கும் இடையே உள்ள தடுப்புகளில் கப்பலின் முன்பக்கம் இருப்பதை ஒட்டி நாற்காலியைப் போட்டு, அதற்கு முதுகு காட்டிக் கப்பலின் பின்பக்கம் பார்த்து உட்காருங்கள். தடுப்பு காற்றைத் தாங்கும், கப்பல் விட்டுச்செல்லும் நுரைக்கோடும் கண்ணில் படும். எனக்கு மிகவும் பிடித்த இருக்கை இதுதான்.

அலாஸ்கா போன்ற குளிர்ப் பயணத்தில் கூடுதலாக ஒன்று. போர்வையைப் போர்த்திக்கொண்டும் நடுங்குகிறது என்றால் குளிர் கீழிருந்து வருகிறது. வலைத்துணி வெயில் நாட்டுக்கு ஏற்றது. காற்று அதன் வழியே நேராக முதுகிலும் தொடையிலும் ஏறும். முதலில் ஒரு போர்வையை நாற்காலியின் மேல் விரித்து, அதில் உட்கார்ந்து, பிறகு மீதியை மேலே இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டு போர்வைகளைப் போர்த்துவதைவிட, ஒன்றை விரித்து ஒன்றைப் போர்த்துவது கதகதப்பு. பனிப்பாறை விரிகுடா தேசியப் பூங்காவில் மார்ஜரி பனிப்பாறைக்கு முன்னால் கப்பல் நீண்ட நேரம் நின்று, இரண்டு பக்கத்தினரும் பார்க்கும்படி மெதுவாகத் திரும்பும். அப்போது எழுந்து ஓடாமல் பால்கனியிலேயே இருந்து பார்க்கலாம்.

பால்கனிக் கதவைத் திறக்கும் முன் நடைவழிக் கதவு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்தால் காற்று அறைக்குள் பாய்ந்து கனமான கதவை அறைந்து சாத்தும். விரல் சிக்கினால் விபரீதம்.

வெயிலில் நாற்காலி கொதிக்கிறது

நாற்காலியின் மேல் துண்டு விரித்தால் உலோகச் சூடு படாது, தொடையில் வலைத்தடமும் விழாது. ஆனால் மேலே அடிக்கும் வெயிலுக்குத் தீர்வு நேரக்கணக்கில்தான் இருக்கிறது. கப்பல் தெற்கே போகும்போது இடப்பக்கம் கிழக்கு. காலை வெயில் அங்கே, மாலை வெயில் வலப்பக்கம். வடக்கே போகும்போது இது அப்படியே மாறும்.

சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியாகப் பினாங்குக்கோ புக்கெட்டுக்கோ போகும் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது கப்பல் வடமேற்கே செல்கிறது. இடப்பக்கப் பால்கனி தென்மேற்கைப் பார்க்கும். டிசம்பர் விடுமுறையில் சூரியன் தென்மேற்கில் இறங்குவதால், பிற்பகல் முழுக்க வெயில் அந்தப் பக்கத்துக்கு நேராக விழும். வலப்பக்கத்துக்காரர்களுக்கு அதே நேரத்தில் நிழல். திரும்பி வரும்போது இரண்டும் இடம் மாறும். இதை முன்பே கணக்குப் போட்டு வைத்தால், வெயில் நேரத்தில் சாப்பாட்டுக்கும் நிழல் நேரத்தில் பால்கனிக்கும் போகலாம்.

நாற்காலி எப்போதும் ஈரமாக இருக்கிறது

அதிகாலைப் பனி, மேல்தளம் கழுவும் தண்ணீர், உப்புச்சாரல். உட்காரும் முன் துடைத்தால் போதும். மேலே கூரையே இல்லாத பால்கனி என்றால் மழையும் வெயிலும் சேர்ந்தே வரும். பிரின்சஸ் நிறுவனத்தின் கிராண்ட் வகைக் கப்பல்களில் கரிப் தளத்துப் பால்கனிகள் பாதி மூடியும் பாதி திறந்தும் இருக்கும். டால்பின் தளத்தில் உள்ள பெரிய அறைகளின் பால்கனிகள் திறந்தே இருக்கும், மேலிருந்து பார்ப்பவர் கண்ணிலும் படும்.

உட்கார முடிகிறது, எழுந்திருக்க முடியவில்லை

முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை முதலில் பாருங்கள். அழகான சாய்வு நாற்காலி அவர்களுக்குச் சிறை. அம்மாவை அதில் உட்காரவைத்து, தூக்கிவிட நாம் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருந்தால், அவர் தண்ணீர் குடிக்கக்கூட எழ யோசிப்பார், பிறகு பால்கனிப் பக்கமே வரமாட்டார். அவருக்குத் தேவை உயரமான, கைப்பிடி உள்ள, அசையாத நாற்காலி. உணவு மேசை நாற்காலி போன்ற வடிவம். அப்படியொன்றைக் குறிப்பாகக் கேளுங்கள். ஊழியர் அனுமதித்தால் இருக்கையில் தடித்த மெத்தை வைத்து உயரத்தைக் கூட்டலாம். ஆனால் அது வழுக்காத அடிப்பகுதி உள்ளதாக இருக்க வேண்டும்.

நாற்காலியைக் கதவுக்கு அருகிலேயே போடுங்கள். பால்கனியின் உயரமான வாசல்படியை அவர் தாண்டும்போது கதவுச்சட்டத்தைப் பிடித்துக்கொள்ள முடியும். சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்களுக்குச் சாதாரண அறையின் இந்த வாசல்படியே பெரிய தடை. மாற்றுத்திறனாளிகளுக்கான அறையை முன்பதிவின்போதே கேட்க வேண்டும். கப்பலில் ஏறியபின் மாற்றிக்கொள்வது மிகக் கடினம், ஏனென்றால் அந்த அறைகள் குறைவு.

மூன்றாவது ஆளுக்கு இடமில்லை

சாதாரணப் பால்கனியின் பரப்பு நான்கைந்து சதுர மீட்டர்தான். இரண்டு நாற்காலி, ஒரு சிறு மேசை. மேசையை உள்ளே வைத்தால் மூன்றாவது நாற்காலிக்கு இடம் கிடைக்கும். அடுத்தடுத்த அறைகளில் இரண்டு குடும்பங்களாக இருந்தால், நடுத்தடுப்பைத் திறக்க முடியுமா என்று ஊழியரிடம் கேளுங்கள். பல கப்பல்களில் அதற்குச் சாவி உண்டு. நீங்களே திறக்க முயலாதீர்கள்.

கொந்தளிப்பில் நாற்காலி நகர்கிறது, தடுப்பு கிறீச்சிடுகிறது

நகர்ந்தால் மடித்துத் தரையில் படுக்கவையுங்கள், மெத்தையையும் துண்டையும் உள்ளே எடுங்கள். கிறீச்சிடும் சத்தத்துக்கு வரவேற்பு மேசையில் சொன்னால் பராமரிப்பு ஆள் வந்து தடுப்பை இறுக்கிவிடுவார். பால்கனியை மூடும்படி அறிவிப்பு வந்தால் அதற்கு மேல் பேச்சில்லை.

இன்னும் முன்பதிவு செய்யவில்லை என்றால்

மேலே சொன்னவற்றில் பாதிக்கு இங்கேதான் உண்மையான தீர்வு இருக்கிறது. காற்று குறைவாக வேண்டுமானால் கப்பலின் முன்கோடி அறைகளைத் தவிருங்கள். பின்பக்கம் பார்த்த பால்கனிகள் முன்னிருந்து வரும் காற்றிலிருந்து ஒதுங்கி இருக்கும், பெரியவையாகவும் இருப்பது வழக்கம். இயந்திர அதிர்வைச் சிலர் அங்கே உணர்வார்கள். கார்னிவல் நிறுவனத்தின் கோவ் பால்கனிகள் நீர்மட்டத்துக்கு அருகில், கப்பலின் உடலைக் குடைந்தாற்போல இருக்கும். நிழல் நிச்சயம், அலையோசை கேட்கும். ஆனால் முன்பக்கம் உலோகம், கடல் கொந்தளித்தால் கனத்த கதவை மூடிவிடுவார்கள். 2018-இல் வந்த செலிப்ரிட்டி எட்ஜ் கப்பலின் அறைகள் பலவற்றில் தனியாகப் பால்கனியே கிடையாது. ஒரு பொத்தானை அழுத்தினால் பெரிய ஜன்னலின் மேல்பாதி கீழே இறங்கும். அறையின் ஓரமே பால்கனி. தடுக்கும் வாசல்படியும் இல்லை என்பதால் வயதானவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. திறந்த வெளியில் உட்கார்ந்த உணர்வு வேண்டுவோருக்கு ஏமாற்றம் தரலாம்.

சென்னையிலிருந்து இலங்கைத் துறைமுகங்களுக்குப் பயணிகளை அழைத்துச் சென்ற கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ், 1990-இல் கட்டப்பட்ட கப்பல். அந்தக் காலத்துக் கப்பல்களில் பால்கனி அறைகள் சொற்பம். அதில் பால்கனி வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

எந்தக் கப்பலானாலும் பயண முகவரிடம் அறை எண்ணைச் சொல்லி இவற்றைக் கேளுங்கள்: தடுப்பு கண்ணாடியா உலோகமா, மேலே கூரை இருக்கிறதா, கீழே உயிர்காப்புப் படகு இருக்கிறதா, நாற்காலியின் முதுகு சாயுமா. அவருக்குத் தெரியாவிட்டால் கப்பல் நிறுவனத்திடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பதில் வரும்வரை முன்பணம் கட்டவேண்டாம்.